35 நிமிடம் யார் கணக்கில்? வேலூரில் நடந்த ஓர் அரை மாரத்தானின் நிகழ்வு ஆய்வு

மாசி மாத ஞாயிறு ஒன்றில் வேலூரில் ஓர் அரை மாரத்தான் நடந்தது. அதில் ஓடியவர்களிடம் பேசினால், வேறு வேறு ஊரில் நடந்த இரண்டு போட்டிகளைப் பற்றிக் கேட்பது மாதிரி இருக்கும். ஏழே முக்கால் மணிக்குள் முடித்தவர்கள், "சூப்பரா இருந்துச்சு, அடுத்த வருஷமும் வருவேன்" என்கிறார்கள். எட்டரைக்கு மேல் வந்து சேர்ந்தவர்கள் காலி வாட்டர் கேன், பஸ் ஹாரன், தீர்ந்துபோன பொங்கல் என்று அடுக்குகிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான்.

நான் அன்று ஓடவில்லை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, சில்க் மில் ஸ்டாப் வருவதற்கு முன்னால் போட்டிருந்த தண்ணீர் மேசையில் தன்னார்வலராக நின்றேன். அப்புறம் வந்த வாரங்களில் ஓடியவர்கள், ஏற்பாட்டாளர்கள், பந்தோபஸ்துக்கு வந்த காவலர்கள் எனப் பலரிடமும் பேசிக் குறித்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் ஆட்களின் பெயரும் போட்டியின் பெயரும் இங்கே வராது.

அன்றைய கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்பின என்பது என் முடிவு. கொடியசைப்பு 35 நிமிடம் தள்ளிப்போனது. அதற்கான செலவு முழுக்க மெதுவாக ஓடுகிறவர்கள் தலையில் விழுந்தது.

மாசிக்கு ஏன் போனார்கள்?

வேலூரில் ஓடுவதற்குத் தோதான மாதம் மார்கழியும் தையும். காலை ஏழு மணிக்கும் காற்றில் கொஞ்சம் குளிர் மிச்சம் இருக்கும். அப்போதே வைத்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் பொங்கல் தொடங்கியதும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கிராமங்களில் எருது விடும் விழாக்கள் வரிசைகட்டி வந்துவிடும். காவலர்களெல்லாம் அங்கே போய்விடுவார்கள். மாசியில் சிவராத்திரியை ஒட்டிய அமாவாசைக்கு பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா. அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த வாரத்தில் பாலத்தின் மேல் போட்டி வைக்கலாம் என்று வாய் திறக்க மாட்டார்கள். அது முடிந்தால் பொதுத் தேர்வு. பங்குனியில் எந்த வேலூர்க்காரரும் வெயிலில் 21 கிலோமீட்டர் ஓடமாட்டார். இப்படிக் கழித்துக்கொண்டே போனதில் மிஞ்சியது அந்த ஒரு ஞாயிறு. தேதியைப் பொறுத்தவரை ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயர் மாரத்தான் என்றாலும் முழு தூரமான 42.195 கிலோமீட்டர் இதில் இல்லை. 21.1, 10, 5 என மூன்று பிரிவுகள். கோட்டை மைதானத்தில் தொடங்கி, கிரீன் சர்க்கிள் வழியாகப் பாலாற்றுப் பாலம் ஏறி, காட்பாடிக்குள் நுழைந்து, திருவலம் சாலையில் விஐடி தாண்டித் திரும்பி அதே வழியில் கோட்டைக்கு வருவது அரை மாரத்தான். 10 கிலோமீட்டர்க்காரர்கள் பாலம் தாண்டிய கொஞ்ச தூரத்தில் திரும்பிவிடுவார்கள். 5 கிலோமீட்டர்க்காரர்களுக்குக் கிரீன் சர்க்கிள் பக்கமே திருப்பம். மூன்று கூட்டத்துக்கும் ஒரே சாலை, ஒரே மேசைகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது புரியும்.

5:30 எப்படி 6:05 ஆனது?

காலை நாலே முக்காலுக்கே மைதானம் நிரம்பிவிட்டது. ஸ்பீக்கரில் பாட்டு, மேடையில் ஜும்பா, பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். 5:30-க்குக் கொடியசைப்பு என்று அறிவித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருந்தார். 5:50-க்கு வந்தார். சால்வை, வரவேற்புரை, போட்டோ, பலூன் எல்லாம் முடிந்து கொடி அசைந்தபோது மணி 6:05. பொதுநிகழ்ச்சி நடத்திப் பழகிய எவருக்கும் இது தாமதமாகவே தோன்றாது. கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையே அதைவிட லேட்டாக வருவார்.

ஆனால் அன்றைக்கு நேரம் குறித்து வைத்திருந்த வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று சூரியன். மாசியில் வேலூரில் ஆறரை வாக்கில் உதயம். இன்னொன்று போக்குவரத்துக் காவல். 8:30 வரைதான் சாலையை மூடிவைக்க அனுமதி. ஏற்பாட்டாளர்கள் முதலில் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது: 5:30-க்குத் தொடக்கம், மூன்று மணி நேரம் கெடு, 8:30-க்குச் சாலை திறப்பு. தொடக்கம் மட்டும் 6:05-க்கு நகர்ந்ததும், 2 மணி 25 நிமிடத்துக்கு மேல் எடுக்கிற ஒவ்வொருவரும் திறந்த சாலையில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ஓடித்தான் முடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. சின்ன ஊர்ப் போட்டிகளில் அந்த வேகத்தில் ஓடுபவர்கள்தான் அதிகம். முதல் முறை ஓடுபவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரைக்காகத் தொடங்கி ஓட்டத்தில் ஆசை பிடித்தவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டம்.

ஒன்றேகால் மணி நேரத்தில் ஓடி முடிக்கும் பையனுக்கு இந்தத் தாமதம் பெரிய விஷயமில்லை. 6:45-க்கு முடிக்க வேண்டியவன் 7:20-க்கு முடித்தான். இளம் வெயில், அவ்வளவுதான். 2 மணி 50 நிமிடம் எடுக்கிற ஆசிரியைக்கோ, 8:20-க்கு முடிய வேண்டியது 8:55 ஆகிறது. எட்டரைக்கு மேல் பாலாற்றுப் பாலத்தில் ஒரு மர நிழல் கிடையாது. செல்போனில் வெப்பநிலை 26, 27 என்று காட்டிக்கொண்டிருக்கும், அதை நம்பக் கூடாது. ஓடுகிற உடம்புக்கு அந்த எண் பாதிக் கதைதான். விளையாட்டு மருத்துவத்தில் பார்க்கும் டபிள்யூபிஜிடி என்ற அளவில் ஈரத்துணி வெப்பமானிக்கு 70 சதவீதமும் நேர் வெயிலை உறிஞ்சும் கறுப்புக் கோளத்துக்கு 20 சதவீதமும் பங்கு. நிழலில் எடுத்த சாதாரண வெப்பநிலைக்கு மிச்சம் 10 சதவீதம்தான். அதோடு, ஓடும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு உடம்புக்குள்ளேயே சூடாக மாறுகிறது. அது வெளியே போக வியர்வை வேண்டும், வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் மேசையில் நடந்தது

எங்கள் மேசைக்குக் கொடுத்தது 20 லிட்டர் வாட்டர் கேன்களும் காகிதக் கப்புகளும். ஒரு கப்பில் 150 மில்லி ஊற்றினால் ஒரு கேனுக்கு 130 கப் சொச்சம் வரும். ஆளுக்கு ஒரு கப் என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள். நடைமுறையில் ஒருத்தர் இரண்டு கப் எடுக்கிறார். ஒன்றில் பாதியைக் குடித்துவிட்டுப் பாதியைக் கீழே விடுகிறார், இன்னொன்று நேராகத் தலைக்குப் போகிறது. அந்தக் கணத்திலேயே கேன் கணக்கு பாதியாகிவிட்டது.

அடுத்த சிக்கல் குழாய். கேனைக் கவிழ்த்து வைத்த ஸ்டாண்டின் சின்னக் குழாயில் ஒரு கப் நிரம்பச் சில நொடி பிடிக்கும். கூட்டம் மொத்தமாக வந்து நிற்கும்போது அந்தச் சில நொடிக்குக்கூடப் பொறுமை இருக்காது. எங்களோடு இருந்த என்எஸ்எஸ் மாணவி ஒருத்தி இதைச் சீக்கிரமே பிடித்துவிட்டாள். கேனை அறுத்து வாயை அகலமாக்கி, குடத்தில் ஊற்றி, கப்புகளை முன்கூட்டியே நிரப்பி, மேலே அட்டை வைத்து, அதன் மேல் இரண்டாவது அடுக்கு வைத்தாள். கப்பை எப்படிப் பிடித்து நீட்டுவது என்றும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடியை உள்ளங்கையில் வைத்தால் ஓடுகிறவரின் விரல்கள் மேல் பாகத்தைப் பிடிக்க இடம் இருக்கும். நடுவில் இறுக்கிப் பிடித்தால் கை மாறுவதற்குள் தண்ணீர் பாதி கொட்டிவிடும். அன்று நான் பார்த்ததில் உருப்படியான ஏற்பாடு இதுதான். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

தாமதத்தால் மூன்று பிரிவுகளின் இடைவெளியும் சுருங்கிவிட்டது. விருந்தினர் கிளம்புவதற்குள் மூன்று கொடியையும் அவர் கையாலேயே அசைத்துவிட வேண்டும் என்ற அவசரம். 10 கிலோமீட்டர்க் கூட்டம் ஒரே அலையாக எங்கள் மேசையில் வந்து விழுந்தது. 5 கிலோமீட்டர்ப் பிள்ளைகள் கிரீன் சர்க்கிள் மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் கப்பை விட்டுவிட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்களாம். ஆக, அரை மாரத்தான் ஓடித் திரும்பி வருகிறவர்களுக்கு, அதிகம் தேவைப்படுகிற கடைசி ஐந்து கிலோமீட்டரில் இருந்த இரண்டு மேசையும் வறண்டு கிடந்தன.

எட்டேகாலுக்கு எங்களிடம் கடைசிக் கேன். "இன்னா தம்பி, தண்ணி இல்லியா?" என்று ஒரு பெரியவர் நின்று கேட்டார். இருந்ததை அவருக்குக் கொடுத்தோம். பக்கத்து டீக்கடைக்காரர் தன் கடைக்கு வைத்திருந்த கேன் இரண்டைத் தூக்கி வந்து வைத்து, "அப்புறம் கணக்கு பாத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் குடித்தது அவர் தண்ணீர்தான்.

பெரிய ஊர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை வெயிலால் பாதியில் நிறுத்தினார்கள். மேசைகளில் தண்ணீர் இல்லை என்ற புகார் அங்கேயும் எழுந்தது.

ஓடியவர்கள்

கம்மவான்பேட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர் அது. இவரும் ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறவர். அங்கே 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். அந்தப் பழக்கத்தில் கொடி அசைந்ததுமே பாய்ந்திருக்கிறார். "ஆறாவது கிலோமீட்டர் வரைக்கும் நான்தான்ணா முன்னாடி" என்றார். பத்தாவதில் கால் கல்லாகிவிட்டது. வெறுங்காலில் வேறு ஓடினார். ஆனாலும் எட்டு மணிக்கு முன்பே முடித்துவிட்டார். பரிசு போனதில் வருத்தம் உண்டு, போட்டி மேல் புகார் இல்லை. தண்ணீர் போதவில்லை என்று நான் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். "எல்லா டேபிள்லயும் இருந்துச்சேண்ணா!"

குடியாத்தத்திலிருந்து வந்த ஆசிரியையின் அனுபவம் வேறு. நாலரைக்கே வந்து சேர, கணவர் பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மைதானத்தில் பெண்களுக்கென்று தனியாகக் கழிப்பறை இல்லை. பொதுவாக வைத்த இரண்டுக்கும் நீளமான வரிசை. அதில் பாதி ஆண்கள். அந்த 35 நிமிடம் நின்றதில் வரிசை இன்னும் நீண்டதே தவிரக் குறையவில்லை. வழியில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்ததும் அவர் செய்தது பல பெண்கள் செய்வதுதான்: தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார். "போகும்போது எல்லா டேபிள்லயும் தண்ணி நீட்டினாங்க, நான்தான் வேணாம்னுட்டேன். வரும்போது வேணும்னு நின்னேன், அப்போ இல்ல." இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் குறிப்புகளிலேயே கனமான வரி இது. கழிப்பறையை வசதி என்று பட்ஜெட்டின் கடைசி வரியில் எழுதுகிறவர்கள், வெயில் காலப் போட்டியில் அது மருத்துவ ஏற்பாட்டின் கீழ் வர வேண்டியது என்பதை யோசிக்க வேண்டும்.

8:35-க்கு அவர் பாலத்தில் இருந்தார். சாலை திறந்துவிட்டது. கூம்புகளை எடுத்துக்கொண்டிருந்த காவலர் ஒருவர், "ஓரமா போங்கம்மா, பஸ் வருது" என்று கையால் தடுத்துத் தடுத்து அவரையும் பின்னால் வந்த நான்கைந்து பேரையும் பாலத்தின் முனை வரை கூட்டிப்போய் விட்டிருக்கிறார். அது அவர் வேலை நேரத்தில் சேராது. ஆசிரியை அவருக்கு நன்றி சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டார். மைதானத்தில் பதக்கம் தீர்ந்திருந்தது. 5 கிலோமீட்டர்ப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்துவிட்டார்கள். தபாலில் அனுப்புவதாகச் சொல்லி முகவரி எழுதி வாங்கிக்கொண்டார்கள், வந்தும் சேர்ந்தது.

நல்லதும் நிறைய இருந்தது. காந்தி நகர்ப் பக்கம் ஒரு வீட்டார் வாசல் தெளிக்கும் ஹோஸைச் சாலைப் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். சித்தூர் பஸ் ஸ்டாண்டு அருகே பறை அடித்தவர்களைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை. விடியும் நேரத்தில் கோட்டை அகழியை ஒட்டி ஓடியதை வெளியூர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கிரீன் சர்க்கிளில் விழுந்தவர்

ராணிப்பேட்டையில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர். எட்டேமுக்கால் வாக்கில் கிரீன் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியில் தள்ளாடினார். பெயர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார், எதிர்த்திசையில் நடக்கப் பார்த்தார். அங்கே தன்னார்வலராக நின்றவர் ஒரு நர்சிங் மாணவி. பேச்சு குழறுவதைப் பார்த்ததுமே அவர் இதைச் சாதாரண மயக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முடிவுக்கோட்டைத் தாண்டிச் சட்டென்று நிற்பவர் விழுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசை நின்றுபோய் ரத்தம் காலிலேயே தங்கிவிடுவதால். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் எழுந்துவிடுவார். அன்று மைதானத்தில் அப்படி விழுந்தவர்கள் எழுந்து பொங்கல் சாப்பிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே குழம்பிப் பேசுகிறவர் கதை வேறு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைத் தாக்கும் வெப்ப வாதமாக அது இருக்கலாம். நெற்றியில் காட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் அந்த நிலையில் ஏமாற்றும். உள்வெப்பத்தை ஆசனவாய் வழியாக எடுத்தால்தான் நம்பலாம்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி இங்கே வருகிறார்கள். அதனாலேயே ஏற்பாட்டாளர்களுக்கு ஓர் அசட்டு நம்பிக்கை: எதுவானாலும் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஐஸ் தொட்டி, ஈரத்துணி, மின்விசிறி எதையும் அவர்கள் திட்டத்தில் சேர்க்கவில்லை. ஆனால் வெப்ப வாதத்துக்கு விதி தலைகீழ். முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். விழுந்த அரைமணி நேரத்துக்குள் சூட்டை இறக்கியாக வேண்டும். வண்டியில் ஏற்றி, இறக்கி, பதிவு போடும் நேரமெல்லாம் அந்த அரைமணியில்தான் கழியும்.

போட்டிக்கென்று நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் அப்போது மைதானத்தில் நின்றது. காலையில் முதலாவதாக ஓடியவனுக்குப் பின்னாலேயே சைரன் போட்டு வந்த வண்டி அது. முதலில் ஓடுகிறவனுக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மாணவி 108-க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கிவரச் செய்தார். பேனர் துணியைக் கிழித்து நனைத்து மார்பிலும் காலிலும் போட்டு, சூடேறியதும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். இரண்டு பேர் அட்டையால் விசிறினார்கள். வண்டி வந்தபோது அவர் தன் பெயரைச் சரியாகச் சொன்னார். மறுநாள் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு போனில் பேசியபோது, பாலத்திலிருந்து கிரீன் சர்க்கிள் வரை ஓடியது சுத்தமாக ஞாபகமில்லை என்றார்.

தூரத் தகராறு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கூச்சல் அதிகம் கேட்டது இதற்குத்தான் என்றாலும். சிலர் வாட்ச்சில் 20.7, சிலரதில் 21.4. ஜிபிஎஸ் வாட்ச் கொஞ்சம் முன்பின் காட்டும், அது சகஜம். ஆனால் முன்னால் போனவர்களுக்கு வாட்ச் ஒரு மாதிரியும் பின்னால் வந்தவர்களுக்கு வேறு மாதிரியும் காட்டுவது ஜிபிஎஸ் பிழையாக இருக்காது. திருவலம் சாலைத் திருப்பத்தில் வைத்த கூம்பை, பஸ் திரும்ப வேண்டும் என்று யாரோ இடையில் நகர்த்தியிருக்கிறார்கள். போய்த் திரும்பும் பாதையில் கூம்பு 100 மீட்டர் நகர்ந்தால் தூரத்தில் 200 மீட்டர் மாறும். தூரத்தை முதலில் அளந்ததே பைக் மீட்டரை வைத்து. முறைப்படி அளக்கச் சைக்கிள் சக்கரத்தில், அது சுற்றுவதை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற கருவியை மாட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் போக வேண்டும். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். யார் எப்போது கடந்தார்கள் என்று பதிவு செய்யும் டைமிங் மேட் என்ற விரிப்பும் திருப்பத்தில் இல்லை. அதனால் நடுவே சாலைத் தடுப்பைத் தாண்டித் திரும்பியவர்களைப் பிடிக்க வழியில்லாமல் போனது.

பிறகு

கோடையில் ஏற்பாட்டாளர்கள் ஓடியவர்களை அழைத்து உட்கார்ந்து பேசினார்கள். சின்ன ஊர்ப் போட்டிகளில் இது அபூர்வம், பாராட்ட வேண்டும். விருந்தினரைப் பரிசளிப்புக்கு மட்டும் அழைப்பது என்று முடிவானது. ஐந்து மணிக்கு, வந்திருப்பவர்களில் வயதில் மூத்த ஓட்டக்காரர் கொடியசைப்பார். 5 கிலோமீட்டரை பாகாயம் போகும் திசையில் திருப்பிவிட்டால் கிரீன் சர்க்கிள் மேசை தப்பும். பாலத்து மேசையிலும் கிரீன் சர்க்கிளிலும் பாதிக் கேன்களில் சிவப்பு நாடா கட்டி, ஏழரைக்கு முன் திறக்கக் கூடாது என்று வைப்பார்கள். உப்புச்சர்க்கரைக் கரைசலும் அங்கேதான். ஆம்புலன்ஸ் இனிக் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும். ஐஸோடு இரண்டு தொட்டி, ஒன்று மைதானத்தில், ஒன்று கிரீன் சர்க்கிளில். நர்சிங் மாணவியையே மருத்துவக் குழுவின் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கழிப்பறைதான் இன்னும் முடியவில்லை. நடமாடும் கழிப்பறை வண்டியைச் சென்னையிலிருந்து வரவழைக்க ஆகும் வாடகை, டி-ஷர்ட் செலவுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. டி-ஷர்ட்டை விட்டுவிடலாம் என்று நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாற்றாக, வழியில் இருக்கும் கல்யாண மண்டபங்களைக் காலை நான்கு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். காட்பாடிப் பக்கம் ஒரு மண்டபக்காரர் சம்மதித்துவிட்டார், முகூர்த்த நாளாக இல்லாவிட்டால். வேலூர்ப் பக்கம் பாலத்துக்கும் கிரீன் சர்க்கிளுக்கும் நடுவே ஓர் இடம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைத்த பிறகு சொல்லுங்கள், பெயர் கொடுக்கிறேன் என்று குடியாத்தம் ஆசிரியை சொல்லியிருக்கிறார்.